மெழுகில் வந்த என்ஜின் நம்பர்

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்குக் கடற்கரையில் நல்ல பெயர் கிடையாது. எனக்கும் கிடையாது. ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று கேட்டே வயிறு வளர்த்தவன் நான். கேள்வி கேட்பதில் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

மண்டபம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் அந்த நினைப்பைப் போக்கினார். கடலில் முங்கிப் பாசி எடுத்துப் பிழைப்பவர். குடும்பத்துக்கு இருந்தது ஒரே ஒரு படகு. புயல் காற்றில் நங்கூரக் கயிறு அறுந்து, படகு ஆளில்லாமல் போய்த் தீவுப் பக்கம் பாறையில் மோதி மூழ்கிவிட்டது. இன்சூரன்ஸ் கேட்டார். தீவைச் சுற்றி யாரும் போகக்கூடாது என்பது வனத்துறையின் தடை. அதனால் சேதத்தைப் பார்க்க வேண்டிய கம்பெனி சர்வேயரும் போகவில்லை. போகாமலே, படகு மூழ்கியதற்கு ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார். படகை விற்றுவிட்டு நாடகமாடுகிறார்கள் என்று நானும் என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன்.

போதாததற்கு, அவரை நேரில் விசாரிக்க வேண்டுமென்று மனுவும் போட்டேன்.

கூண்டில் ஏறியதும் அவர் டிபன் பாக்ஸைத் திறந்து ஈரத்துணியில் சுற்றிய மெழுகுக் கட்டியை எடுத்தார்.

“என்ஜின் நம்பரக் காட்டுனாத்தான் நம்புவோம்னாக. எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது. அதான் அப்புடியே ஒத்தி எடுத்துட்டு வந்தேன்.”

மெழுகில் பதிந்த எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருந்தது. டைப்பிஸ்ட் தன் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார். பாலிசியிலிருந்த நம்பரை நான் வாசிக்க, ஆணையத் தலைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

கடலடியில் கிடந்த என்ஜினில் ஒட்டியிருந்த சிப்பியை அந்த அம்மாள் விரலில் துணி சுற்றிச் சுரண்டினாராம். எத்தனை தடவை முங்கினீர்கள் என்று தலைவர் கேட்டதற்கு, எண்ணவில்லை, மூச்சு முட்டினால் மேலே வருவேன், திரும்பப் போவேன் என்றார். கீரைக்கட்டு வாங்கி வந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

அப்போதும் எனக்குள் இருந்த வக்கீல் சும்மா இருக்கவில்லை. எந்த இடத்தில் முங்கினீர்கள் என்று கேட்டேன். அது பொறி. இடத்தைச் சொன்னால் தடையை மீறியதை அவரே ஒப்புக்கொண்டதாகும்; வழக்கு வரும், பாசித் தொழிலும் போகலாம். சொல்லாவிட்டால், விற்ற படகின் என்ஜினில் ஒத்தி எடுத்தது என்று நான் வாதாடலாம்; மெழுகுக்கு மதிப்பில்லை. தலைவருக்கும் அது புரிந்தது. விருப்பமில்லை என்றால் பதில் சொல்ல வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். டைப்பிஸ்டின் கையும் நின்றுவிட்டது.

அந்த அம்மாள் தீவின் பெயரைச் சொன்னார். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பதையும் சொன்னார். பிறகு டைப்பிஸ்டைப் பார்த்தார்.

“எழுதிக்கங்கம்மா. எழுதலேன்னா நான் முங்குனதே பொய்யாப் போயிரும். அங்கன போனது தப்புன்னா, அதுக்கு உண்டானத நான் பாத்துக்கிறேன்.”

அவ்வளவு நேரம் நான் நின்றுகொண்டிருந்தேன். வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எத்தனையோ சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அந்தப் பதிலின் நகலை வனத்துறைக்கு அனுப்பிவைக்கச் சொல்லிக் கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நான் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி எனக்கு வழக்கு எதுவும் அனுப்பவில்லை.