மேனேஜர் வேலைக்கு வந்த பாவா

எங்கள் முதலாளி மாதக் கிருத்திகைக்குத் திருத்தணி வராமல் இருந்ததே இல்லை. காலையில் மெட்ராஸிலிருந்து காரில் வருவார். மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, இறங்குகிற வழியில் கம்பெனி டிப்போவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எங்களைத் திட்டிவிட்டுப் போவார். எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், ரீஜனல் சேல்ஸ் மேனேஜர் என்று புதிதாக ஒரு பதவியை உண்டாக்கினார். அதற்கான இன்டர்வியூவையும் ஆடி மாதத்தில் கிருத்திகை அன்றைக்கே திருத்தணியில் வைத்துவிட்டார். சாமி கும்பிட்ட கையோடு ஆளையும் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆடிக் கிருத்திகை அன்று இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குவதே பெரும்பாடு என்று அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? எனக்குத் தைரியம் இல்லை.

எங்களுடையது லுங்கி கம்பெனி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் டிப்போவும் குடோனும் இருந்தன. அவற்றுக்கு நான் பொறுப்பு. சுற்றுவட்டாரத்துத் தறிகளிலிருந்து வரும் சரக்கை வாங்கி, மடித்து, லேபிள் ஒட்டி, பார்சல் போட்டு அனுப்ப வேண்டும். ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது சேல்ஸ்மேன்களின் வேலை. நகரி, புத்தூர், ரேணிகுண்டா, திருப்பதி என்று ஆந்திரா பக்கம் முழுவதையும், எங்கள் பேச்சில் ஆந்திரா லைனை, பார்த்துக்கொண்டவர் என் பாவா, அதாவது அக்காவின் கணவர். எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் ஒன்றாகவே புழங்கும். அத்தான் என்று யாரும் சொல்வதில்லை, பாவாதான்.

பாவாவுக்குச் சர்க்கரை வியாதி. இடது காலில் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்து, மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. அந்தக் காலோடுதான் சாம்பிள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அரக்கோணத்து டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார், இப்படியே அலைந்தால் விரலோடு நிற்காது, காலையே எடுக்கும்படி ஆகும் என்று. மேனேஜர் என்றால் அலைச்சல் இல்லை. டிப்போவில் மேஜை போட்டு உட்கார்ந்து மற்றவர்களை அனுப்புகிற வேலை. அக்காவுக்குப் பதவியும் பெரிதில்லை, சம்பளமும் பெரிதில்லை. அந்த நாற்காலி போதும். அதற்காக அவள் வேண்டாத தெய்வம் கிடையாது.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வேலை கிடையாது என்பது முதலாளி போட்ட சட்டம். மாமன் குடோனிலும் மச்சான் வெளியிலும் இருந்தால் சரக்கு எங்கே போகிறது என்று சாமிக்குக்கூடத் தெரியாது என்பார். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதே பாவாதான். தெரிந்த பையன் என்று மட்டும் சொல்லிச் சேர்த்துவிட்டார். அத்தனை வருஷமும் அப்படியே ஓட்டிவிட்டோம். முதலாளி வருகிற நாளில் பாவா பெரும்பாலும் வெளியூரில் இருப்பார் என்பதால் அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

இன்டர்வியூவுக்கு முதலாளி என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவருக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. வருகிறவர்களுக்குத் தெலுங்கு வருகிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் அக்கா வேலையே கிடைத்துவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டாள். எனக்கோ உறவு வெளியே தெரிந்துவிடுமே என்று கவலை.

முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நான் முதலாளியாக உட்கார்ந்து கேள்வி கேட்டேன். பாவா ஒவ்வொரு கேள்விக்கும் சிரித்தார். மச்சான் கேட்டு மாப்பிள்ளை பதில் சொல்வதா என்று அவருக்கு அது ஒரே வேடிக்கை. அக்கா அதட்டினாள். அன்றைக்கு நீ யாரோ நான் யாரோ என்று பாவாவே கடைசியில் முடிவு சொன்னார். வாய் தவறிப் பாவா என்று கூப்பிட்டுவிடுவேனோ என்பதுதான் எனக்குப் பயம். தறிச்சத்தம் கேட்கும் தெருவில் தனியாக நடக்கும்போதெல்லாம் "மிஸ்டர், உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். எதிரில் வந்த இரண்டொரு பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கிருத்திகை வந்தது. தெருவெல்லாம் காவடி, மொட்டைத் தலை, மஞ்சள் வேட்டி. காலையில் வரவேண்டியவர்கள் மத்தியானம்தான் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர் வேலூர்க்காரர். டை கட்டியிருந்தார். கூட்டத்தில் யாரோ இழுத்து அது முதுகுப் பக்கம் போயிருந்தது. இங்கிலீஷ் நன்றாகப் பேசினார். என்னைக் கடைக்காரனாக நினைத்துத் தெலுங்கில் ஒரு லுங்கி விற்றுக்காட்டச் சொன்னேன். லுங்கியை விரித்தார், "பாகுந்தி, பாகுந்தி" என்றார், மடித்து வைத்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்கிற அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குத் தெரிந்த தெலுங்கு.

அடுத்தவர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார். மனுவில் ஒட்டியிருந்த போட்டோவில் சுருள் சுருளாக முடி. முதலாளி போட்டோவையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று காலையில்தான் முடி கொடுத்தாராம். வேலை கிடைத்த பிறகு கொடுக்கக் கூடாதா என்று முதலாளி கேட்டார். முருகனுக்குக் கடன் வைக்கக் கூடாதுங்க என்றார் அவர். பக்தரான முதலாளியால் அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. விபூதி கொடுத்து அனுப்பிவைத்தார்.

மூன்றாவது ஆள் மெட்ராஸ்காரர், சோப்பு கம்பெனியில் இருந்தவர். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடிக்கவில்லை; அதற்குக் காரணம் அவர் நன்றாகப் பேசியதுதான். தெலுங்கும் சரளமாக வந்தது. வேலைக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று முதலாளி கேட்டதற்கு, வயதான சேல்ஸ்மேன்களை அனுப்பிவிட்டு இளவட்டங்களைப் போடுவேன் என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார். இவன் வந்தால் பாவாவுக்கு நாற்காலியும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

கடைசியாகப் பாவாவைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டு மாப்பிள்ளை உள்ளே நுழைந்தால் அவருக்கு இளையவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. எங்கள் நைனாவே, அதாவது அப்பாவே, பாவாவைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்கூட எச்சில் கையோடு பாதி எழுந்து, அவர் சொன்ன பிறகுதான் மறுபடி உட்காருவேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படி. ஒரு வாரமாக நான் வாயைத்தான் பழக்கியிருந்தேன். உடம்பைப் பழக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கதவு திறந்தது. பாவா யாரிடமோ இரவல் வாங்கிய ஷூ போட்டுக்கொண்டு, வலியைக் காட்டாமல் நடந்து வந்தார். நான் எழுந்து நின்றேன்.

நின்ற பிறகுதான் நிற்பதே எனக்குத் தெரிந்தது. அதோடு போயிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பாவாவும் பழக்கத்தில், மாமனார் வீட்டுக் கூடத்தில் செய்வதுபோல, கையை அமர்த்திக் காட்டி, "குந்துப்பா, குந்து" என்றார்.

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். அப்போதாவது நான் உட்கார்ந்திருக்கலாம். பாவா நிற்கிறார், நான் எப்படி உட்காருவது? முதலாளி சொல்லாமல் அவர் எப்படி உட்காருவார்? இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.

"யாருய்யா இவரு உனக்கு?" என்று முதலாளி கேட்டார்.

பாவாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் குறைவு. விற்கும்போது மட்டும்தான் சொல்வார். "அவங்க அக்காவத்தாங்க கட்டிகினு இருக்கறேன்" என்றார்.

அன்றோடு எங்கள் இருவர் சோற்றிலும் மண் விழுந்தது என்றுதான் நினைத்தேன். முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். வெற்றிலை போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, இனிமேல் நான் கேட்கப்போவதில்லை, நீயே உன் அக்கா புருஷனைக் கேள்வி கேள், நியாயமாகக் கேட்கிறாயா என்று பார்க்கிறேன் என்றார்.

நான் கேட்டேன். நகரியில் எந்த ரகம் அதிகம் போகிறது என்றேன். பாவாவுக்கு அது தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் கேட்பது மச்சான். அவர் லேசாகச் சிரித்து, "ஏம்பா, நீதான பார்சல் போட்ற, உனக்குத் தெரியாதா?" என்றார். கட்டம் போட்டதுதானே அதிகம் என்று நானே எடுத்துக்கொடுத்தேன். "ஆங், அதான்" என்றார். புத்தூரில் பாக்கி இழுக்கிற கடைக்காரரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். "அன்னிக்கு உங்கிட்ட சொன்னேனே" என்றார். எதைக் கேட்டாலும் இதேதான். நான் கண்ணைக் காட்டினேன், தொண்டையைக் கனைத்தேன், கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து நீட்டினேன். அவர் ஆங், ஆங் என்று வாங்கிக்கொண்டாரே தவிர வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அதே நேரம் மேஜைக்கு அடியில் அவர் இடது காலை ஷூவிலிருந்து பாதி உருவி வைத்திருந்ததும் தெரிந்தது. ஆத்திரப்படவும் முடியவில்லை.

பாவாவை வெளியே அனுப்பிவிட்டு முதலாளி சொன்னார்: "கேள்வி கேட்டதும் நீ, பதில் சொன்னதும் நீ. அப்புறம் அவரு எதுக்குய்யா? மேனேஜர் வேலைய நீயே பாரு."

அவர் கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கிண்டல் இல்லை. மெட்ராஸ்காரர் கேட்ட சம்பளமும் காரும் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. நான் மலிவு. எனக்கு வேண்டாம், பாவாவுக்குக் கொடுங்கள், நான் வேலையை விட்டே போய்விடுகிறேன் என்றேன். நீ போய்விட்டால் அவர் யாரைக் கேட்டுப் பதில் சொல்வார் என்றார். சரி, நான் மேனேஜர் என்றால் குடோன் காலியாகுமே, அவரைக் குடோனில் உட்கார வையுங்கள், காலில் புண் என்று கெஞ்சினேன். அதைச் சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது.

"மாமன் உள்ள, மச்சான் வெளிய. அதத்தான இத்தினி வருஷமா வேணாம்னு சொல்லிகினு இருக்கேன்? சரக்கு வெளியாள் கையில இருந்தா உங்க ரெண்டு பேரையும் வெச்சிக்கலாம். குடோனுக்கு மெட்ராஸ்லருந்து ஆள் அனுப்பறேன். ஆந்திரா லைன் அவரத் தவிர யாருக்குத் தெரியும்? அவரு லைன்லதான் இருக்கணும். முடியாதுன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

அவர் சொன்னதில் எங்கே பிடித்து இழுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நியாயம்போலவே இருந்தது. முதலாளி பிரசாதப் பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

பாவா கீழே படிக்கட்டில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். துணிக்கட்டு நனைந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். இரவல் ஷூவைத் துடைத்து ஜோடியாக வைத்தார். பிறகு, வெளியாளுக்குப் போகாமல் நமக்குள்ளேயே வந்ததே என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அது நிஜமான சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவரே சொன்னார், உன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று. அக்கா என்னைப் பார்த்தாள். தம்பி மேனேஜர் ஆனதற்குச் சிரிப்பதா, புருஷனுக்கு இல்லாமல் போனதற்கு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்து, பாவாவின் காலைப் பிடித்துக் கட்டைப் பிரித்தாள். பிரித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"அப்ப நாளைக்கு பஸ் ஏறப்போறது யாரு?"

அவள் கேட்டது என்னை. யார் எங்கே போக வேண்டும் என்று சொல்கிற ஆள் இப்போது நான்தானே. ரேணிகுண்டா கடைக்காரர்கள் தீபாவளி ஆர்டர் கொடுக்கக் காத்திருந்தார்கள். அதை விட்டால் அந்த வருஷம் முழுக்க அந்த லைன் கையை விட்டுப் போய்விடும். லைன் போனால் பாவாவின் வேலையும் போய்விடும். நான் சுவரைப் பார்த்தேன், அக்காவின் முதுகைப் பார்த்தேன், வெந்நீரில் இருந்த காலை மட்டும் பார்க்கவில்லை. பாவா எனக்காகவே சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"ரேணிகுண்டாவுக்கு நீங்கதான் போய்ட்டு வரணும், பாவா" என்று சொன்னேன்.