திருச்சுழி ரோட்டில் என் கியர் சைக்கிள்

கன்னியாகுமரி வரை சைக்கிளில் போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நாற்பத்து நான்கு வயதில் வந்தது. அந்த வயதில் வரும் ஆசை தனியாக வராது, கையோடு பிடிவாதத்தையும் கூட்டிக்கொண்டு வரும். பொங்கல் தையல் முடிந்துவிட்டால் அருப்புக்கோட்டையில் என்னைப் போன்ற தையல்காரிக்குப் பத்து நாள் ஓய்வுதான். அந்தப் பத்து நாளையும் நான் கடலுக்கு எழுதி வைத்துவிட்டேன். கேரியரில் தொங்கவிடப் பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு பை கூடத் தைத்தாயிற்று. சைக்கிள் மட்டும்தான் இன்னும் வாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் விசைத்தறி மெக்கானிக். நான்கைந்து ஷெட்டுத் தறிகள் அவரை நம்பி ஓடுகின்றன, அதனால் அவர் வருவது நடக்காத காரியம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். என்னைத் தனியாக அனுப்பவும் மனமில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். புதுச் சைக்கிளில் ஒரே நாளில் திருச்சுழி போய்த் திரும்ப வேண்டும். வழியில் என்ன ஆனாலும் லோடு ஆட்டோ கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் கன்னியாகுமரிப் பேச்சையே எடுக்கக் கூடாது. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு உடனே சரி என்றேன்.

மதுரையில் பெரிய கடைக்குப் போனோம். முதலில் காட்டியது ஒல்லி டயர், வளைந்த ஹேண்டில் பார். நன்றாகக் குனிந்து ஓட்ட வேண்டுமாம். இருபது வருஷமாகத் தையல் மிஷினில் குனிந்தது போதாதா? அடுத்தது குண்டு டயர், முன்னால் ஸ்பிரிங். தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. மூன்றாவது ரெண்டுக்கும் நடுவான டயர், நேரான ஹேண்டில் பார், பை தொங்கவிடத் தோதான கேரியர், இருபத்தோரு கியர். கை தானாக அதன் மேல் போய்விட்டது. எதிர்க்காற்றுக்குக் கியர், முதுகு வலிக்காமல் இருக்க நேரான ஹேண்டில் பார், சுமைக்குக் கேரியர் என்று கடைக்காரருக்கே நான் பாடம் எடுத்தேன். கருவேல முள்ளையும் மறக்கவில்லை, டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் பசை ஊற்றித் தரச் சொன்னேன்.

இவர் மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செயின் தொறந்து கெடக்கு. ஏதாச்சும் போய்ச் சுத்திக்கிரும்” என்றார்.

தறியைப் பார்த்துப் பார்த்து இவருக்கு எதைப் பார்த்தாலும் நூல்தான்.

“ரோட்டுல என்ன நூலா காயப் போட்டிருக்காக?” என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். நான் புதுச் சைக்கிளில். அவர் தினமும் ஷெட்டுக்குப் போகும் பழைய சைக்கிளில், என்னைக் கண்காணிக்க. அதற்குச் செயினை முழுசாக மூடிய தகரக் கவர் உண்டு, லொடலொடவென்று பேசிக்கொண்டே வரும். ஊரைத் தாண்டியதும் கரிசல் காடு ரெண்டு பக்கமும் விரிந்தது. ஒரு கியரைத் தட்டினேன், சைக்கிள் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் எத்தனையோ முறை தூங்கிக்கொண்டே போன ரோடு அது. திருச்சுழியில் டீ குடிக்கும்போது உட்காரக் கூட மனசு வரவில்லை. அவர் முகத்தில் லேசாகக் கவலை தெரிந்தது. நான் ஜெயித்துவிடுவேன் என்ற கவலைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் வெயில் ஏறியிருந்தது. காலையில் வெறுமையாகக் கிடந்த ரோட்டில் இப்போது உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். அறுத்த செடியைத் தார் ரோட்டில் போட்டால், போகிற வருகிற வண்டியெல்லாம் மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுக்கும். எங்கள் பக்கத்தில் அதுதான் களம். நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா என்று வேகத்தைக் குறைத்தேன். ஓரத்தில் நின்ற ஒரு அம்மா விடவில்லை.

“மேல ஏத்திப் போங்க தாயி, நல்லா உதிரும்.”

ஏற்றினேன். பத்தடி கூடப் போயிருக்க மாட்டேன். கொடி கொடியாக இழுபட்டுப் பின்சக்கரத்தில் சுற்றி, ‘கடக்’ என்று ஒரு சத்தம். சைக்கிள் நின்றது, நான் செடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை. ஆனால் பின்சக்கரத்துக்குக் கீழே தொங்கும் கியர் இரும்பு வளைந்து சக்கரக் கம்பிக்குள் மாட்டியிருந்தது. பாபினில் நூல் சிக்கினால் மிஷின் என்ன பாடுபடும் என்று தினமும் பார்க்கிறவள் நான். முள்ளுக்குப் பசை ஊற்றியவளுக்கு உளுந்து நினைவுக்கு வரவில்லை.

அவருடைய பழைய சைக்கிள் அதே செடி மேல் லொடலொடவென்று ஏறி வந்து நின்றது. அருப்புக்கோட்டைக்கு இன்னும் பாதி வழி கிடந்தது. அந்த அம்மா பதறிப்போய், தன் மகனுடைய லோடு ஆட்டோவை வரச் சொல்லவா என்று கேட்டார். வேண்டாம், தள்ளிக்கொண்டே போகிறேன் என்றேன். பின்சக்கரம் சுற்றாத அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் ஊர் சேர முடியாது என்று என் வீட்டுக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் இப்போது சும்மா இருந்தாலே போதும், கன்னியாகுமரி முடிந்தது.

அவர் தன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். குத்தவைத்தார். அந்த அம்மாவிடம் அரிவாளை வாங்கிச் சிக்கிய கொடிகளை அறுத்தார். சைக்கிளோடு கடையில் கொடுத்த திருகு சாவியால் வளைந்த இரும்பைக் கழற்றினார். சட்டைப்பையில் கிடந்த ஆணியை வைத்துக் கல்லால் தட்டிச் செயினைப் பிரித்து, நீளத்தைக் குறைத்து, ஒரே ஒரு பல்சக்கரத்தில் மாட்டினார். கையெல்லாம் கருப்பு மை. பெடலைச் சுற்றிவிட்டார், சக்கரம் ஓடியது. இருபத்தோரு கியரில் ஒன்று மிச்சம்.

அந்த ஒரு கியரில் மிதித்து மிதித்து, வியர்வை கண்ணில் இறங்க, சாயங்காலம் வீட்டு வாசலில் கால் ஊன்றினேன். யாரையும் கூப்பிடவில்லை. சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வழியெல்லாம் மனதைக் குடைந்த கேள்வியைத்தான் கேட்டேன்.

“விட்டிருந்தா நீங்க செயிச்சிருப்பீகள்ல, ஏன் சரி பண்ணுனீக?”

“நின்னுபோன மிஷினப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்க எனக்கு வராது” என்றார்.

மறுநாள் காலை என் தையல் டேப்பை எடுத்து என் சைக்கிள் செயினை அளந்துகொண்டிருந்தார். கியர் வேண்டாம், இதே ஒரு பல்சக்கரம் போதும், தகரத்தில் கவர் அடித்துவிடுகிறேன் என்றார். நான் தலையாட்டினேன். மிஷின் மேல் கிடந்த ஜீன்ஸ் பையைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார்.

“இதே மாதிரி எனக்கும் ஒண்ணு தை” என்றார்.