ஊறும் என்று சொன்னேன்

அண்ணனுக்குக் கிட்னி கொடுக்க அம்மா சம்மதித்தபோது, மதுரை ஆஸ்பத்திரியில் படிவத்தை வாசித்துச் சொன்னது நான்தான். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போன முதல் ஆள். அண்ணன் ஐந்தாவதோடு நின்று திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டான். அம்மாவுக்குக் கைநாட்டுதான்.

நர்ஸ் வாசித்துக் காட்ட வந்தார். "நானே சொல்லிக்கிறேன் சிஸ்டர்" என்று தாள்களை வாங்கிக்கொண்டேன். நான்கு பக்கம். அம்மாவிடம் பாதியைத்தான் சொன்னேன். முழுக்கச் சொன்னால் பயந்துவிடுவாள், அவளும் பயந்தால் வேறு யார் கொடுப்பார்கள்? என் ரத்தம் அண்ணனுக்குச் சேரவில்லை. சேரவில்லை என்றதும் எனக்கு வந்த நிம்மதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எடுத்தாலும் கொஞ்ச நாள்ல ஊறிக்கிரும்ல?"

இறைத்த கிணறு ஊறுவது போல. ரத்தம் கொடுத்தவர்களிடமும் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்: ஊறிரும், பயப்படாத. இன்னொரு கிட்னி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பதைத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு "ம்" என்றேன். இல்லை, இது பொய். அவள் கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கதவு பாதி திறந்திருந்தது.

"எல்லாம் புரிஞ்சுதாம்மா?"

"எம்மக காலேசு படிச்சவ சார். வரி விடாம வாசிச்சுச் சொல்லிட்டா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. அண்ணன் தேறி, மார்க்கெட்டில் பூ எடை போடுகிறான். போன மாதம் தோட்டத்தில் மல்லி எடுக்கும்போது அத்தை அம்மாவைச் சீண்டினாள்.

"என்ன மதினி, ஒத்தக் கிட்னிய வச்சுக்கிட்டு இம்புட்டு வெயில்ல நிக்கிறீக? செக்கப்புக்கு வரச் சொன்னாகளே, போகலையா?"

"அடி போடி, அது என்னைக்கோ ஊறியிருக்கும். எதுக்கு செக்கப்பு?"

அத்தை சிரித்தாள். நான் பக்கத்து வரிசையில் பூ எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக "வேலை கெடக்கு" என்று அம்மா மதுரைக்கு வர மறுத்ததன் காரணம் என்னுடைய "ம்".

அன்று சாயங்காலம் சொன்னேன். "அது ஊறாதும்மா. உனக்கு ஒண்ணுதான் இருக்கு."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்மா."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "ஏத்தா, தெரிஞ்சாலும் எம்புள்ளைக்குக் குடுத்திருப்பேன். ஆனா அத நாந்தான சொல்லணும்?" என்றாள்.

சிந்திக் கிடந்த கீரைத் தண்டுகளைப் பொறுக்கினேன்.

"அந்தத் தாளு கெடக்கா?"

பிளாஸ்டிக் உறையில் நகல் இருந்தது. "வாசி, விடாம" என்றாள். முதல் வரியிலிருந்து தொடங்கினேன். வருடாவருடம் பரிசோதனைக்கு வர வேண்டும் என்ற இடத்தில் "ம்" கொட்டினாள். மூன்றாம் பக்கத்தில் என் குரல் இறங்கியது.

"எந்தக் காரணமும் சொல்லாமல், அறுவை சிகிச்சைக்கு முன் எந்த நேரத்திலும் நான் என் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்."

"இதையும் அன்னைக்குச் சொல்லலையே?"

"இல்லம்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்புத் தழும்பை மூடிக்கொண்டாள்.

"மேல வாசி" என்றாள்.