மூன்று சுற்று நேர்காணலும் ஒரு பௌர்ணமி ரூமும்

“காலைல இருந்து கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கியே, ரசம் வெச்சியா இல்லையா?” என்று என் வீட்டுக்காரர் கத்திய நேரத்தில், லேப்டாப்பில் ஒரு பெண் என்னைப் பற்றிச் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்கு முதல் எதிரி வீடுதான்.

வேலை இதுதான். இணையத்தில் பேட்டி வீடியோ போடும் ஒரு சென்னை நிறுவனம். பேட்டி கொடுப்பவரிடம் தேதி வாங்குவது, கேமராக்காரரை எழுப்புவது, எடிட்டரை விரட்டுவது, எல்லாம் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் என் வீட்டில் உட்கார்ந்தபடியே, போனிலேயே. மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கான்வென்ட்டில் படித்து, பி.ஏ.வும் முடித்துவிட்டு, என்ன பண்றீங்க என்று கேட்பவர்களிடமெல்லாம் ‘சும்மாதான் இருக்கேன்’ என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லியாகிவிட்டது. அந்தப் பதிலை நான் மாற்றியாக வேண்டும். நாற்பத்தேழு வயதில் கேமரா முன்னால் உட்கார்ந்து வேர்த்துப்போன சகோதரிகளே, என் அவஸ்தை உங்களுக்குத்தான் புரியும்.

இடைவெளி

முதல் சுற்றில் வந்த பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு வயது ஜாஸ்தி இருக்கலாம். படிப்பு முடிந்ததற்கப்புறம் இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்று கேட்டாள். மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன், மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, மாடியில் கொத்தனார், மூன்றையும் ஒரே மாதத்தில் சமாளித்ததைச் சொன்னேன். இதில் எந்த இடத்தில் இடைவெளி தெரிகிறது என்று நானே திருப்பிக் கேட்டேன்.

அவள் கேட்டுக்கொண்டே டைப் அடித்தாள். நிமிர்ந்து பார்த்து, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: “சூப்பர் மேம். ஃபார்ம்ல ‘ஃப்ரெஷர்’னு போட்டுக்கறேன்.”

டாக்டர் வேஷம்

இரண்டாம் சுற்று, செய்முறைத் தேர்வு. அவர்கள் ஆபீஸ் பையன் ஒருவன் பேட்டிக்கு வர மறுக்கும் டாக்டராக நடிப்பான், நான் போனில் பேசி அவனைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவன் கிளினிக் என்றான், கல்யாணம் என்றான், தொண்டை கட்டு என்றான். எங்கள் தெரு பிளம்பர் இதைவிட நன்றாகச் சொல்வார். நான் குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் பள்ளிச் சிஸ்டர் பேசுவது போல, ஒவ்வொரு சாக்குக்கும் நடுவே இரண்டு நொடி சும்மா இருந்தேன். ஐந்தாவது நிமிஷம் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டான்.

போனை வைக்கும் முன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “மேடம், நான் நடிக்கத்தானே செஞ்சேன், செவ்வாய்க்கிழமை நெஜமாவே வரணுமா?”

ஊர் எது?

மூன்றாவது சுற்று மேனேஜர். அதில் தேறினால் வேலை. எடிட்டிங் பற்றிக் கேட்பார் என்று முந்தின நாளெல்லாம் படித்து வைத்திருந்தேன். அவர் ஊரைக் கேட்டார். திருவண்ணாமலை என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊரில் குடியிருப்பவர்கள் பௌர்ணமி வாரத்தில் சொந்தக்காரர் போனையே எடுக்க மாட்டோம். அவருடைய அம்மா கிரிவலம் வருகிறாராம். பாதைக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில், வெஸ்டர்ன் டாய்லெட்டோடு ஒரு ரூம் வேண்டுமாம்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, கிடைக்கும் சார் என்றேன். போன மாதம் நாத்தனார் இதையே கேட்டபோது, ஊரே நிரம்பிவிட்டது என்று சொன்னவள் நான். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நான் வெளியே வந்ததும் சொன்னார்: “என் தங்கச்சிக்கு இல்லாத ரூம், இவனுக்கு மட்டும் எங்கேருந்து முளைச்சுது?”

நம்ம ஆள்

கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில், தெரிந்தவர் வீட்டில் ஒரு ரூமைக் கெஞ்சி வாங்கினேன். போலீஸ் தடுப்பு போடுவதற்கு முன், காலையிலேயே ஆட்டோ வைத்து அம்மாளைக் கொண்டுபோய் இறக்கினேன். இட்லி, வெந்நீர், முழங்காலுக்குத் தைலம், எதிலும் குறை வைக்கவில்லை. நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

பையன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று, தலையணை உறையை மாற்றுகிற சாக்கில் கேட்டேன். அம்மாள் சிரித்தார்: “சொன்னாம்மா, அங்க நம்ம ஆள் ஒருத்தங்க இருக்காங்க, எல்லாம் பார்த்துப்பாங்கன்னு. எத்தனை வருஷமா அவன் ஆபீஸ்ல வேலை பார்க்கறீங்க?”

இரண்டு நீல டிக்

அம்மா ஊருக்குப் போன அன்றே மேனேஜர் கைகூப்பும் படம் அனுப்பினார். முடிவு என்னாச்சு சார் என்று கேட்டேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். அப்புறம் குக்கர் விசில் அடித்தாலும் போனைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். போன வாரம் முதல் சுற்றுப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நின்றுகொண்டே படித்தேன்: “மேம், அடுத்த பௌர்ணமிக்கு எங்க அப்பா அம்மா வர்றாங்க, அதே ரூம் கிடைக்குமா?”

சேராத வேலையில் ஒரு மாத அனுபவம் சேர்த்துவிட்டவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மேனேஜருக்கும் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்தே எழுதினேன்: “வேலை உண்டா இல்லையா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க.”