கிளிப்பச்சைச் சட்டை

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் வீட்டில்கூடக் குறைவு. தோள்பையில் எந்நேரமும் மாதிரி பாட்டில்கள் கலகலத்ததால் சுற்றுவட்டாரத்துக்கே அவள் பாட்டில் அக்கா. "ஊர்ல நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்று கணவர் கேலி செய்வார். "தண்ணி கேஸுன்னு நெனைப்பாங்க. பொய்யா என்ன?" என்பாள்.

தண்ணீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் வேலை. தோட்டங்களில் இருக்கும் ஆழமில்லாத கிணறுகளைப் போய்ப் பார்ப்பாள். எட்டிப் பார்த்ததுமே அவளுக்குக் கோபம் வந்த கிணறு, நாற்றுப்பண்ணைக்காரருடையது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை, மூடி இல்லை, சிந்திய தண்ணீரெல்லாம் திரும்ப உள்ளேயே வடிந்தது. பண்ணைக்காரர் வீட்டில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் பின்கட்டில் குடியிருந்த வேலைக்காரக் குடும்பம்தான். அவர்களுடைய சின்னப் பெண் வயிற்றுப்போக்கில் துவண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

பரிசோதனையில் மலக்கிருமி இருப்பது தெரிந்தது.

"இவங்க அழுக்கு வாளிய விட்டா கிருமி வராம என்ன செய்யும்? தண்ணியப் பாரும்மா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் பண்ணைக்காரர். பிறகு அந்தப் பெண்ணின் அம்மாவிடம் திரும்பினார். "புகார் சொல்ற வாய்க்கு வேற வீடு பாத்துக்க."

கிருமிக்கு வீட்டுக்காரர், குடியிருப்பவர் என்ற பேதம் தெரியாது. பேதம் பார்ப்பது கேன் தண்ணீர் வாங்குகிறவர்தான். பாட்டில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணே, உங்க கக்கூஸ்ல கொஞ்சம் சாயம் ஊத்திப் பாக்கட்டுமா? கெடுதல் இல்லாத பச்சைச் சாயம்தான். செப்டிக் டேங்க் கசிஞ்சா கிணத்துல தெரியும்."

"தாராளமா ஊத்து. கிணத்துக்கு ஒரு சொட்டு வந்தாலும் மீசைய எடுத்துடறேன்!"

ஊற்றினாள். முடிவு தெரியும்வரை தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கும்படி பின்கட்டில் சொல்லிவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்துக் காலையில் அவள் பாட்டிலோடு வந்து இறங்கியபோது, பண்ணைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"நேத்துக் காலையிலகூட எட்டிப் பாத்தேன், ஒரு மண்ணும் வரல. கெளம்பு, கெளம்பு!"

அவள் அவருடைய சட்டையையே பார்த்தாள். பின்கட்டிலிருந்து வந்த அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயா, அது வெள்ளச் சட்டையில்ல?"

வெள்ளைச் சட்டைதான். அவர் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான் ஏறியது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. மூக்குக்கண்ணாடி போடாமல் கொடியிலிருந்து உருவி மாட்டிக்கொண்ட சட்டை, காலர் முதல் கை வரை கிளிப்பச்சை.

பண்ணைக்காரர் குனிந்து பார்த்தார். கை தானாக மூக்குக்குக் கீழே போனது.

"கவலப்படாதீங்க அண்ணே, உங்க மீசை எங்களுக்கெதுக்கு?" என்றாள் பாட்டில் அக்கா. "டேங்க்க தூரமா மாத்துங்க. கிணத்துச் சுவர ஒசத்தி, சுத்தித் தளம் போட்டு, மூடி போடுங்க. தண்ணி சுத்தமாகுற வரைக்கும் பின்கட்டுக்கும் கேன் தண்ணி. வீட்டக் காலி பண்ணுங்கற பேச்சே வரக்கூடாது."

"இந்தக் கோலத்துல நிக்கிறப்ப நான் எந்த வாயால பேசறது?" என்று முனகியபடி உள்ளே போனார்.

வேலையெல்லாம் முடிந்து, கிணற்றுக்கு மருந்திட்டு, மறுபடி எடுத்த மாதிரி சுத்தமென்று வந்த அன்று, சின்னப் பெண் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது பச்சையா இல்லியே அத்தை?"

"இனிமே வராது. குடி" என்று சொல்லித் தானும் ஒரு டம்ளர் மொண்டுகொண்டாள் பாட்டில் அக்கா.