ஆறு மணிக்கு வாசலில்

மல்யுத்த வீராங்கனை சஃப்ரீன், ஊக்கமருந்துச் சோதனைக்காகத் தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை தாராவி வீட்டில் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரே ஆண்டில் இரண்டு முறை அதிகாரிகள் சந்தில் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பினார்கள். மூன்றாம் முறை வாசலில் நின்ற வாப்பா, அவள் பெயரைச் சொல்லிக் கேட்டவர்களை வீடுகளை இடிக்கக் கணக்கெடுப்பவர்கள் என்று எண்ணி, சந்தே பேசிவைத்திருந்தபடி, "அப்படி யாரும் இங்க இல்ல சாப்" என்றார். மகள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓராண்டில் மூன்று முறை சோதனை தவறினால் குற்றம் என்ற விதிப்படி இரண்டு ஆண்டுத் தடை விழுந்தது.

"தப்பு எம்மேலதான்னு சொல்லும்மா."

"சொல்லியாச்சு வாப்பா. மருந்து தின்னியான்னு ஒருத்தனும் கேக்கல. வீட்ல இருந்தியான்னுதான் கேக்கான்."

இப்போதும் ஆறு மணிக்கு அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். வாப்பா அவளைத் தாண்டித்தான் தோல் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கிறது.