இரவல் காப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மன்னாரிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு நாங்கள் வந்து ஆறாவது குளிர்காலம். பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், ஓர் அறையும் சமைக்க ஒரு மூலையுமாக நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும் குடியிருந்தோம். ஒரு நாள் காலை, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, கூரையின் மர உத்தரம் படீரென்று வெடித்து, அவளுடைய கட்டிலின் மேல் காரை கொட்டியது. தலையணை இருந்த இடத்தில் என் இரண்டு கையும் சேர்ந்த அளவில் ஒரு கல் கிடந்தது. அரை மணி நேரத்துக்கு முன்தான் அவள் அந்தக் கட்டிலிலிருந்து எழுந்திருந்தாள்.

தீயணைப்புப் படையினர் வந்து பார்த்தார்கள். கூரைக்கு இரண்டு மரங்களை முட்டுக் கொடுத்துவிட்டு, பதினைந்து நாளில் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று வாசலில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

வேறு காலமாக இருந்தால் சமாளித்திருப்பேன். அந்த வருடம் பொலிதேயாமா நாடக அரங்கின் பக்கத்தில் ஒரு வீட்டில் ஜன்னல் துடைக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து என் முழங்கால் உடைந்திருந்தது. வேலை கொடுத்த சிஞ்ஞோரா, அந்த வீட்டு அம்மா, என்னைச் சட்டப்படி பதிந்து வைத்திருந்தபடியால், விபத்துக்கான உதவிப் பணம் மாதம் தவறாமல் வந்தது. மனைவி பராமரித்து வந்த மூதாட்டி காலமாகிவிட்டதால் அவளுக்கும் வேலை இல்லை. வந்த பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அளவாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆறு நாள் அலைந்ததில், ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை கொண்ட ஒரு வீடு கிடைத்தது. மகள் சின்ன அறைக்குள் போய் நாலு சுவரையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த ஸ்டான்சா எனக்கு மட்டுமோ? தாவ்வேரோ?" என்று கேட்டாள். உண்மையாகத்தான் சொல்கிறீர்களா என்று அவள் கேட்பது நியாயம்தான். அதுவரை அவளுக்கென்று ஒரு மூலைகூட இருந்ததில்லை.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. மோசமான மனிதர் அல்ல. ஆனால் மூன்று மாத வாடகையை முன்பணமாகவும் முதல் மாத வாடகையைத் தனியாகவும் கேட்டார். "வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பேன். இன்னும் இரண்டு குடும்பம் கேட்டிருக்கிறது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்ததும் சுவாமியாரிடம் சொன்னேன். இடியும் வீடுகளிலிருந்து வெளியேறும் குடும்பங்களுக்கு, புதுவீட்டு முன்பணத்தை நேரே வீட்டுக்காரருக்கே கட்டும் ஓர் உதவி அலுவலகம் இருக்கிறது, காகிதங்களோடு போய்ப் பாருங்கள் என்றார். அந்தச் சந்தோஷம் கோயில் படியை இறங்கும்வரை கூட நிலைக்கவில்லை. பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் காதருகே குனிந்தார்.

"அங்கையோ போறியள்? கவனம். வீடு இல்லை, வருமானம் இல்லை எண்டு எழுதினால் பிள்ளையைக் கொண்டுபோய் இஸ்திதூத்தோவிலை விட்டிடுவினம்."

கன்னியாஸ்திரிகள் நடத்தும் பிள்ளைகள் விடுதியைத்தான் சொன்னார். வேலை வீடுகளில் தங்கவேண்டிய எங்கள் ஆட்கள் பலர் தாங்களாகவே பிள்ளைகளை அங்கே விட்டிருந்தார்கள். நாங்களாக விடுவது வேறு, பிடுங்கிக்கொண்டு போவது வேறு.

யோசித்து யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மன்னாரில் நான் அரசாங்கப் பணிமனையில் எழுதுவினைஞராக இருந்தவன். போரால் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு நிவாரண அட்டை எழுதியது என் மேசையில்தான். ஒழுங்காக உடுத்து வந்தவரை இருக்கச் சொல்வோம். கசங்கிய உடுப்போடு வந்தவரை வெளியே நிற்கச் சொல்வோம். அலுவலகம் என்றால் உலகம் முழுக்க இப்படித்தான் என்பது என் எண்ணம். மதிப்பாகப் போய் நின்றால், நல்ல குடும்பம், பிள்ளையை நன்றாகத்தான் வளர்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். முன்பணத்தையும் தருவார்கள்.

மனைவியைத் திருநாள் சேலையைக் கட்டச் சொன்னேன். அவளுடைய வெறுங்கை என் கண்ணை உறுத்தியது. அவள் காப்புகள் நாங்கள் வந்த பயணத்துக்கே போய்விட்டன. எதிர்க் கட்டடத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, மகன்கள் கனடாவில், இங்கே தனி ஆள், மூன்று வீடுகளில் வேலை. வாயைத் திறந்தால் சந்தையே திரும்பிப் பார்க்கும். அவரிடம் போய் நான்கு காப்பு இரவல் வாங்கி வரச் சொன்னேன். எங்கே போகப் போகிறோம் என்று சொல்லாதே என்றும் சொன்னேன்.

கொடுக்கும்போது அக்கா சொன்னாராம்: "வடிவாய்ப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை. எங்கட அம்மா எனக்குப் போட்ட காப்பு. அடைவு கடை வாசலைக் கண்டறியாதது." ஒரு தரம்கூட அடகு வைக்காத காப்பு என்று இதை அவர் கோயிலிலும் சந்தையிலும் எத்தனையோ தரம் சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை போனோம். மேசைக்குப் பின்னால் முப்பது வயதுப் பெண் ஒருவர், தடிமனில் மூக்கு ஒழுக, கையில் கைக்குட்டையோடு இருந்தார். எங்களை மரியாதையாக இருக்கச் சொன்னார். எனக்குத் தைரியம் வந்தது. அவர் கேட்டதற்கெல்லாம் நான் ஒரு படி கூட்டியே சொன்னேன். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, இறைச்சி, மீன், எல்லாம் சாப்பிடுகிறாள், எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, முன்பணம் ஒன்றுதான் தடை என்றேன். அவர் என் மனைவியின் கையைப் பார்த்தார்.

"தங்கமா?"

"ஆம்."

"உங்களுடையதா?"

மனைவி என்னைப் பார்த்தாள். இரவல் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏமாற்ற வந்தவர்கள் என்று நினைத்துவிட்டால்? "அவளுடையதுதான்" என்று நான் சொன்னேன்.

அவர் எழுதினார். தலைகீழாக இருக்கும் எழுத்தைப் படிப்பது எழுதுவினைஞர்களுக்குப் பழக்கமான வேலை. தங்கம், நான்கு காப்பு என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை நான் அடையாளம் கண்டுகொண்டேன். மன்னாரில் நானும் அப்படித்தான் போட்டவன் என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

"இந்தப் பணம் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு. முதலில் அவற்றை விற்றுப் பாருங்கள். அப்போதும் போதாவிட்டால் வாருங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கிய மனைவி வீட்டுக்குக்கூட வராமல், நேரே அக்காவிடம் ஏறிப் போய்க் காப்புகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். நொண்டிக்கொண்டு நான் படியேறி முடிப்பதற்குள் அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"என்ர காப்பைப் போட்டுக்கொண்டு போயோ காசில்லை எண்டு சொன்னனீங்கள்? கண்டறியாத கெட்டித்தனம்! தம்பி, உம்மை நான் படிச்ச மனுசன் எண்டெல்லோ நினைச்சன்."

"பிள்ளையைக் கொண்டு போயிடுவினம் எண்டு பயம் அக்கா."

"ஆர் சொன்னது?"

சொன்னேன்.

"அந்தாளின்ர கதையைக் கேட்டோ? அந்தாளுக்குப் பஸ் வாற நேரமே ஒழுங்காத் தெரியாது!" என்றார். பிறகு காப்புகளை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் காலை எட்டரைக்கு, வேலைக்குப் போகும் மேலங்கியோடு எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "வெளிக்கிடுங்கோ. எனக்குப் பத்து மணிக்கு வேலை. பிள்ளை, நீர் வீட்டுச் சட்டையோடையே வாரும்."

அந்த அலுவலகத்தில் அவர் யாரும் கூப்பிடும் வரை காத்திருக்கவில்லை. நேரே போய் மேசையில் நான்கு காப்பையும் வைத்தார். சந்தையில் பழகிய இத்தாலிய மொழியில், "இது என்னுடையது. நேற்று இவர்கள் இரவல் வாங்கினார்கள். நாங்கள் நல்லது கெட்டதுக்கு இப்படி இரவல் நகையோடுதான் போவோம்" என்றார்.

அந்தப் பெண் தயங்கினார். "நீங்கள் சொல்வதை நான் எப்படி எழுதுவது? இவர் தன் மனைவியுடையது என்று சொன்னாரே."

அக்கா ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தார். அடகு வைத்து மீட்ட ரசீதுகள். ஒவ்வொன்றிலும் அவருடைய பெயர், நான்கு காப்பு என்ற குறிப்பு, அதே நிறை. பல வருடத்து ரசீதுகள்.

அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஐந்து தடவையா?"

"ஆறு. ஒன்றை எலி தின்றுவிட்டது."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. இரண்டு மகன்களை ஒவ்வொரு நாடாகக் கடத்திக் கனடா வரை சேர்த்த கதை அந்தக் கட்டில் இருந்தது. இவ்வளவு காலமும் அவர் ஒரு மனிதருக்கும் காட்டாமல் வைத்திருந்த கதை.

"ஏன் பொய் சொன்னீர்கள்?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். மகளைப் பற்றிய பயத்தைச் சொன்னேன். கட்டிலில் விழுந்த கல்லையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "முன்பணம் இல்லை என்பதற்காக யாரும் பிள்ளையைப் பிரிக்க மாட்டார்கள். அவள் உங்களோடு இருக்க வேண்டும் என்றுதான் இந்தப் பணமே."

நேற்று எழுதியதை ஒரே கோட்டால் வெட்டினார். வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு அங்கேயே பேசினார். வியாழக்கிழமை, முன்பணம் கட்டுவதாக முத்திரை குத்திய கடிதம் கைக்கு வந்தது. வீட்டுக்காரர் அதை இரண்டு தரம் படித்தார். "இவர்கள் பணம் அனுப்பும்போது நான் உயிரோடு இருக்க வேண்டுமே" என்று முணுமுணுத்தார். ஆனாலும் சாவிக்கொத்தைத் தேடி எடுத்து அந்த வீட்டின் திறப்பைத் தந்தார். பணமும் வந்தது, அவர் இருக்கும்போதே.

அந்தப் புதன்கிழமை அலுவலகத்திலிருந்து வெளியே வந்தபோது அக்கா சொன்ன ஒன்றே ஒன்று: "இந்த ரசீதுக் கதை கோயில் பக்கம் போச்சுதோ, உம்மட மற்றக் காலும் உடையும்." அவர் இப்போது கனடாவில் மகனோடு இருக்கிறார். இதில் நான் யாருடைய பெயரையும் எழுதாதது அந்தக் கட்டளைக்குப் பயந்துதான்.

மகள் அந்தச் சின்ன அறையின் கதவைச் சாத்திக்கொண்டு படித்து வளர்ந்தாள். முழங்கால் தேறி நானும் வேலைக்குப் போனேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அலுவலகத்தில் கோடு போட்ட கை என்னை விடவில்லை. மன்னாரில் ஒரு நாள், மூன்று பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண் என் மேசை முன் நின்றார். துவைத்து மடித்த சேலை, கழுத்தில் ஒரு சங்கிலி. நான் அவரை இருக்கச் சொன்னேன். பிறகு, நகை உண்டு என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டு, அவர் பெயரைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினேன். அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனார். எனக்காகப் பேச ஓர் அக்கா பிளாஸ்டிக் பையோடு வந்தார், அந்தப் பெண்ணுக்காக யாரும் வரவில்லை. அந்தச் சங்கிலி யாருடையது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது, அந்த வீட்டுத் திறப்பைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நினைவு வருகிறது.